நாய்க்குட்டி வாங்கறீங்களா? முதல்ல தாயைப் பாருங்க!

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி — எந்த ஊராக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். கூடைக்குள் புசுபுசுவென்று ஒரு வெள்ளைக் குட்டி. "பொமரேனியன் கிராஸ் சார்! பெரிசா வளராது. ஊசி எல்லாம் போட்டாச்சு!" என்கிறார் விற்பவர். கூட வந்த பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. அவ்வளவுதான், பர்ஸ் திறந்து விடுகிறது!

ஒரு வாரம் கழித்து வாந்தி, ரத்தபேதி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் "பார்வோ" என்கிறார். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வாங்கிய அன்று குட்டி துள்ளி விளையாடியதை நம்பிப் பயன் இல்லை. பணம் போனால் போகிறது. பிள்ளையின் அழுகைக்கு யார் பதில் சொல்வது?

நீல அட்டை எங்கே?

விதைநெல் வாங்கப் போகும் டெல்டாக்காரர் மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். அதே மனிதர் நாய்க்குட்டிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்பதில்லை!

"கிராஸ்" என்றால் இரண்டு சாதி கலந்தது என்று மட்டுமே அர்த்தம். அதற்குக் கென்னல் கிளப் சர்டிபிகேட் கிடையாது. அது சுத்தமான சாதி நாய்க்குத்தான். "பெரிசா வளராது" என்ற பேச்சும் தகப்பன் நாய் எது என்று தெரிந்தால்தான் செல்லும். கலப்பு என்றால் நோயே வராது என்பதும் தப்பு. பக் கலந்த குட்டிக்கு மூக்கு சப்பையாக இருந்தால் சித்திரை வெயிலில் மூச்சு இரைக்கும். பொமரேனியன் கலந்ததற்கு முட்டிச் சில்லு நழுவும் தொந்தரவு வரலாம்.

சட்டம் இருக்கு!

நாய் வளர்த்து விற்பதற்கு மத்திய அரசு 2017-லேயே விதிகள் போட்டிருக்கிறது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையைக் குட்டி போட வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேலும் கூடாது. ஆகவே, "பதிவு எண் என்ன?" என்று தைரியமாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் நடையைக் கட்டுங்கள்!

எதைப் பார்ப்பது?

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். நாய்க்கும் அதுதான் கணக்கு. பஸ் ஸ்டாண்டில் கைமாற்றும் பேரமே வேண்டாம். வீட்டுக்கே போய்த் தாயைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறதா? ஆளைக் கண்டால் பதுங்குகிறதா? இடம் நாறுகிறதா? பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம் குட்டி. கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதில் நாற்றம் இருக்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். வாலுக்குக் கீழே கறை இருந்தால் பேதி.

ஊசிச் சீட்டில் தேதி, மருந்துப் புட்டியின் லேபிள், டாக்டர் கையெழுத்து மூன்றும் வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி பொதுவாக 3 மாதத்தில்தான் போடுவார்கள். ஒன்றரை மாதக் குட்டிக்கு "அதுவும் போட்டாச்சு" என்றால் ஆள் கதை விடுகிறார்!

எலியும் ஒரு வில்லன்

வயலும் வாய்க்காலுமான நம்ம சீமையில் எலிக்குப் பஞ்சம் இல்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றலாம். இதற்கும் ஊசி உண்டு. ஐப்பசி மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கிய மறுநாளே அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ரசீதும் ஊசிச் சீட்டும் பத்திரம்! சென்னையில் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ், மைக்ரோசிப் என்று மாநகராட்சி கெடுபிடி செய்கிறது. நாளைக்கு நம்ம ஊரிலும் கேட்கலாம்.

கூடையில் குட்டி விற்கிறவர் கூடையோடு போய்விடுவார். குட்டி நம்ம வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்க வேண்டியது. ஒரு வாரம் பொறுத்து, நாலு இடம் விசாரித்து வாங்கினால் பிள்ளை கோபித்துக்கொண்டா போய்விடும்?