விழக் கற்றவர்

தற்காப்புக் கலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புரூஸ் லீ, ஜாக்கி சான், பறந்து பறந்து உதை. மாஸ்டர் என்றால் யாராலும் வீழ்த்த முடியாதவர். செய்ச்சி சுகானோ (1939-2010) என்ற அய்கிடோ ஆசிரியரைப் பற்றிப் படிக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்தவர். முதலில் கற்றது ஜூடோ. 1950-களின் கடைசியில் டோக்கியோ போய், அய்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவிடம் 'உச்சிதெஷி'யாகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட நம்மூர் குருகுலவாசம். பயிற்சிக் கூடத்திலேயே தங்கி, கூட்டித் துடைத்து, குருவுக்குப் பணிவிடை செய்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பயிற்சியில் பாதி என்ன தெரியுமா? விழுவது! அதற்கு 'உகெமி' என்று பெயர். இருவரில் ஒருவர் தாக்க வேண்டும், மற்றவர் அந்த வேகத்தையே திருப்பி அவரைச் சாய்க்க வேண்டும். விழுபவர் அடிபடாமல் உருண்டு எழ வேண்டும். பிறகு இடம் மாறும். அவர் பயின்ற அய்கிகாய் மரபில் போட்டியும் இல்லை, கோப்பையும் இல்லை.

1965-இல் ஆஸ்திரேலியா போனார். 1942-இல் ஜப்பான் விமானங்கள் டார்வின் நகரத்தின் மேல் குண்டு போட்டதை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. ஆசியர்களைத் தள்ளிவைத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை முழுதாக ஒழிந்ததே 1973-இல்தான். அப்படிப்பட்ட ஊரில் 25 வயது ஜப்பானியர் ஒருவர் வெள்ளைக்காரர்களுக்கு விழக் கற்றுக்கொடுத்திருக்கிறார்! நாடு முழுக்க அய்கிடோவை வளர்த்துவிட்டு, 1979-இல் பெல்ஜியம், 1988-இல் நியூயார்க் என்று கிளம்பிவிட்டார்.

2003-இல் அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நிற்பதையும் நகர்வதையும் கற்றுத்தருபவருக்குக் கால் இல்லை. கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? அவர் செயற்கைக் காலோடு மறுபடி பயிற்சிக் கூடத்துக்கு வந்து பாடம் நடத்தினார்.

"அய்கிடோ நிஜச் சண்டையில் உதவாது, எதிராளி ஒத்துழைத்தால்தான் வேலைக்கு ஆகும்" என்று பலர் கிண்டல் செய்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் தெருச்சண்டைக்குப் போகப் போகிறோம்? விழப்போவது மட்டும் எல்லோரும்தான்.

முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். ஒரு மாதம் நண்பர்களோடு மெஸ்ஸுக்குக்கூடப் போகாமல் ஒளிந்து திரிந்தேன். முதல் ரேங்க் வாங்குவது எப்படி என்று பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். தோற்றால் எப்படி எழுந்து வருவது என்று ஒரு பீரியட்கூட யாரும் எடுக்கவில்லை. விழாமல் இருப்பதற்கு மட்டுமே பயிற்சி பெற்றவன், முதல் முறை விழும்போதே உடைந்துபோகிறான்.

சுகானோவின் கால் போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது பலம் இல்லை, இருபது வயதிலிருந்து தினமும் விழுந்து எழுந்த பழக்கம். என்னைக் கேட்டால், நமது பாடத்திட்டத்தில் முதலில் சேர்க்க வேண்டியது அதைத்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?