மாணவர்களிடம் நன்னடத்தை பாண்டு: வக்கீல் எங்கே?

பஸ்சில் தாளம் போட்டவனுக்கும் பாண்டு. பட்டாக்கத்தி தூக்கியவனுக்கும் பாண்டு. சென்னையில் நடக்கிற வேடிக்கை இது!

கல்லூரி திறந்து மாநகர பஸ்சில் இரண்டு கல்லூரி மாணவர்கள் மோதிக்கொண்டால் போதும். யார் எந்த ரூட்டு, யார் "ரூட்டு தல" என்று போலீசார் பட்டியல் எடுப்பார்கள். பட்டியலில் இருப்பவர்களை நிர்வாக மாஜிஸ்திரேட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். "ஒரு வருஷத்துக்கு தகராறில் ஈடுபட மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்து. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

"நல்லா வேணும் இவனுங்களுக்கு" என்கிறார்கள் பொதுமக்கள். சொல்லத்தான் செய்வார்கள். 2019 ஜூன் மாதம் பஸ் தினம் என்று கூரை மேல் ஏறி ஆடியவர்கள் கொத்தாக நடுரோட்டில் விழுந்ததை ஊரே வீடியோவில் பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பட்டாக்கத்தியோடு விரட்டி விரட்டி வெட்டினார்கள். பஸ்சில் இருந்த பெண்கள் அலறினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரெயில் நிலையம் பக்கம் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பலனின்றி இறந்தே போனார். அந்தத் தாயிடம் போய் மாணவர் உரிமை என்று யாரும் பேச முடியாது. நானும் பேசவில்லை.

கத்தி எடுத்தவன் மீது வழக்குப் போடுங்கள். உள்ளே தள்ளுங்கள். அதற்கு சட்டம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, அங்கே அவனுக்கு ஒரு வக்கீலும் இருக்கிறார். வக்கீல் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவன் கத்தி எடுக்காத பையன்தான்!

"சும்மா ஒரு கையெழுத்து"

நிலையத்து வாசலில் காத்திருக்கிற தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். பெயிண்டர், ஆட்டோ டிரைவர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"என்ன கேஸ் சார்?"

"கேஸ் எல்லாம் ஒண்ணுமில்லை. சும்மா ஒரு கையெழுத்து. பையனைக் கூட்டிக்கிட்டு போயிடலாம்."

அவரும் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

சும்மா கையெழுத்து என்பது பச்சைப் பொய். பாண்டு என்பது தண்டனை அல்ல, குற்றவாளி என்ற தீர்ப்பும் அல்ல. அது சரிதான். ஆனால் அதில் ஒரு தொகை போட்டிருக்கும். ஒரு காலக்கெடு இருக்கும். நடுவில் மீறினால் மிச்ச நாளுக்கு ஜெயில் என்று சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு அதே பையன் வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் கேட்டால், விசாரணைக்கு வருகிற போலீஸ்காரர் இந்த நிலையத்துக் காகிதத்தைத்தான் புரட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய சட்டத்தில் இதற்கு 107, 110 என்று பெயர். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 126, 129. முதலாவது அமைதி காக்க, அதிகபட்சம் ஒரு வருஷம். இரண்டாவது வழக்கமாகவே குற்றம் செய்பவர்களுக்கு, மூன்று வருஷம் வரை போகும். "வழக்கமாக" என்ற வார்த்தையை கவனிக்கவேண்டும். ஒருநாள் பஸ்சில் நடந்த கைகலப்பு வழக்கம் ஆகிவிடுமா? பி.ஏ. முதல் வருஷ பையனை 110-ல் சேர்ப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

எந்தப் பிரிவானாலும், கையெழுத்து வாங்குவது கடைசி வேலை. முதலில் மாஜிஸ்திரேட்டு எழுத்து மூலம் ஒரு உத்தரவு போடவேண்டும். என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகை, எத்தனை நாள், எத்தனை ஜாமீன்தாரர் எல்லாம் அதில் இருக்கவேண்டும். சம்மன் வந்தால் அதனுடன் இதன் நகலும் வரவேண்டும். பிறகு, வந்த தகவல் உண்மையா என்று விசாரணை. சாட்சியைக் கூப்பிடவேண்டும். பையன் தரப்பில் குறுக்கு விசாரணை செய்யலாம். உண்மை இல்லை என்றால் விட்டுவிடவேண்டும். விசாரணை ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால், தனிக் காரணம் எழுதி நீட்டித்தால் ஒழிய, தானாகவே ரத்தாகிவிடும். தொகையும் பையனின் நிலைமைக்கு மீறி இருக்கக்கூடாது.

இது புது விஷயமும் அல்ல. எம்.பி.யாக இருந்த மது லிமாயி வழக்கில் 1970-லேயே சுப்ரீம் கோர்ட்டு ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து சொல்லிவிட்டார்கள்: விசாரணையைத் தொடங்காமல் இடைக்கால பாண்டு கேட்கக்கூடாது. 1980-ல் கேரளத்து கோபாலனாச்சாரி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார். 110-ல் காவலில் இருப்பவருக்கு வக்கீல் வைத்து வாதாட வசதி செய்து கொடுக்கவேண்டும் என்றார். எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

பதினேழு வயது பையன்

இன்னொரு கூத்தும் உண்டு. பிளஸ்-2 முடித்து நேராக கல்லூரிக்கு வருகிறவர்களில் 18 நிறையாதவர்கள் ஏராளம். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 22-வது பிரிவின்படி, 18 வயது ஆகாதவர் மீது இந்த பாண்டு நடவடிக்கையே எடுக்கக்கூடாது. எடுக்கவே கூடாது! கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறவர்கள் பிறந்த தேதியையும் பார்க்கிறார்களா? பெற்றோர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை கையோடு எடுத்துப் போவது நல்லது.

போலீசே பிடித்து, போலீசே குற்றம் சொல்லி, போலீசே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்த காலமும் சென்னையில் இருந்தது. துணை கமிஷனர்களுக்கு தமிழக அரசு கொடுத்திருந்த இந்த அதிகாரத்தை 2023 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பாண்டை மீறினார் என்று நிர்வாக மாஜிஸ்திரேட்டே ஜெயிலுக்கு அனுப்புவதும் கூடாது, ஜுடிசியல் மாஜிஸ்திரேட்டு முன்புதான் கொண்டு போகவேண்டும் என்றது. ஆனால் புதிய சட்டத்தின் 15-வது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்கு குறையாத போலீஸ் அதிகாரியை சிறப்பு நிர்வாக மாஜிஸ்திரேட்டாக நியமிக்கலாம் என்கிறது. முன்வாசலில் பூட்டு, பின்வாசல் திறப்பு!

போலீசார் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "கேஸ் போட்டா படிப்பு போயிடும். பாண்டு வாங்கினா பயந்து அடங்கிடுவான்" என்பார்கள். உண்மையிலேயே சில பையன்கள் அடங்கிவிடுகிறார்கள். அப்படியானால் அதை முறையாகச் செய்வதில் என்ன கஷ்டம்? உத்தரவு நகல் கொடுத்து, வக்கீலை வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, விசாரித்து வாங்கினால் அந்த பாண்டு நிற்கும். அவசரத்தில் வாங்கிய பாண்டு ஐகோர்ட்டில் கிழிந்துபோகும். அப்போது நிஜமான ரவுடியும் சேர்ந்து தப்பிப்பான்.

கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டால் "கேட்டுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்கள். பட்டியல் கேட்டு போலீஸ் வந்தால் மட்டும் பெயர், விலாசம் எல்லாம் கேட்டுக்கு வெளியே போய்விடுகிறது. பையனை அழைக்கிற அன்று ஒரு பேராசிரியராவது கூடப் போகலாமே.

ரிமாண்டு செய்யும்போது இலவச வக்கீல் கிடைக்கிறார். பாண்டு வாங்குகிற இடத்தில் அவரை நான் பார்த்ததில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு நினைத்தால், பாண்டு விசாரணை நடக்கிற நாட்களில் ஒரு வக்கீலை அங்கே உட்கார வைக்க முடியாதா? 1987-ம் ஆண்டு சட்டப்படி ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. இந்தப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் இதற்குள் வந்துவிடுவார்கள்.

அதுவரை பெற்றோர் செய்யவேண்டியது: உத்தரவு நகலைக் கேளுங்கள். படித்துப் பார்க்காமல் பையனைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். "வக்கீல் வைக்க தேதி வேணும் சார்" என்று பணிவாகவே சொல்லுங்கள். ஏற்கனவே இறுதி உத்தரவு போட்டு பாண்டு கேட்டிருந்தால், செசன்சு கோர்ட்டில் அப்பீல் செய்ய வழி இருக்கிறது. இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.