குறை கூறலும் ஒரு கலையே

கணினித் திரையில் ‘டீக்கி’ ஓவியம் தீட்டுவோர் பலர் உளர். படத்தை நம்முன் வைத்துக் கருத்துக் கேட்பார்கள். நாம் ‘அருமை’ என்போம். அல்லது ‘ஏதோ ஒட்டவில்லை’ என்போம். முன்னது உபசாரம், பின்னது புதிர். இரண்டாலும் ஓவியருக்குப் பயனில்லை.

டீக்கி என்பது யாது? பசிபிக் கடலின் மார்க்கேசாஸ் தீவுகளில் முன்னோரையும் தெய்வங்களையும் குறித்துச் செதுக்கிய உருவங்களின் பெயர் அது. மாவோரி மக்களின் பழங்கதைகளில் முதல் மனிதனின் பெயரும் அதுவே. அமெரிக்காவில், 1933-இல் ஹாலிவுட்டில் தோன்றிய ‘டான் தி பீச்காம்பர்’ மதுவிடுதி தென்கடல் தீவுக் கோலத்தை வணிகமாக்கிற்று. 1963-இல் டிஸ்னிலாந்தில் எந்திரப் பறவைகளும் டீக்கிச் சிலைகளும் பாடும் அரங்கே எழுந்தது. ஆக, இன்றைய டீக்கி ஓவியம் பிறப்பிலேயே கலவை.

கலவைக்கு நடை ஒருமை எதற்கு என்று கேட்பர் சிலர். கலவைக்குத்தான் அது மிகுதியும் வேண்டும் என்பேன் நான். பல இடத்துப் பொருள்களை ஓர் உலகமாகக் கட்டுவது நடை ஒன்றுதான்.

ஒரு படத்தை எண்ணிப் பாருங்கள். நடுவே மரச்சிலை, தடித்த கறுப்புக் கோடு, தட்டையான வண்ணம். பின்னே தென்னைகளோ புகைப்படம் போல நுணுக்கமானவை. சிலைக்கு ஒளி இடப்புறம், தென்னைக்கு வலப்புறம். தனித்தனியே அழகு, சேர்ந்தால் சண்டை. ‘உங்கள் நடை சரியில்லை’ என்பது வெறும் தீர்ப்பு. ‘சிலைக்கு வகுத்த விதியைத் தென்னைக்கும் தாருங்கள், அதே தடிப்பில் கோடு போடுங்கள், நிழலை இரண்டு வண்ணத்துள் அடக்குங்கள், ஒளியை ஒரே பக்கம் வையுங்கள்’ என்பது துணை. தனித்தனி அடுக்குகளில் தீட்டியிருந்தால், சிலையைத் தொடாமலே தென்னையைத் திருத்திவிடலாமே!

கோட்டுக்கு அப்பாலும் ஓர் ஒருமை உண்டு. ராப்பா நூயித் தீவின் மோவாய், நீண்ட முகமும் மூடிய உதடுகளும் கொண்ட எரிமலைக் கற்சிலை. ஹவாய்த் தீவின் மரச்சிலைகளிலோ அகன்ற வாயையும் மடிந்த முழங்காலையும் காணலாம். ஹவாய் வாயை மோவாய் முகத்தில் பொருத்தினால், கோடு எவ்வளவு சீராயினும் உருவம் பொருந்தாது. அத்தீவுகளின் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். அவை அவர்களுடைய முன்னோரின் திருவுருவங்கள். எனவே முதலில் கேளுங்கள்: ‘தெரிந்து கலந்தீர்களா?’ தெரிந்தே செய்தாரெனில், அக்கலவை படம் முழுவதும் பரவட்டும். தெரியாமல் செய்தாரெனில், மூலச் சிலைகளின் படங்களைக் காட்டுங்கள். ஏளனம் வேண்டா, ‘போகட்டும்’ என்று விட்டுவிடவும் வேண்டா.

நக்கீரர் வழிவந்தோம் என்று பெருமை பேசுகிறோம். குற்றம் காணும் துணிவு நம்மிடம் நிரம்ப உண்டு, நண்பர்களே! அது எங்கே இருக்கிறது, ஏன் குற்றம், எப்படித் தீரும் என்று எடுத்துச் சொல்லும் பொறுமையைத்தான் இனி நாம் பழக வேண்டும்.