ஒன்றரை மடங்கு வேகம்



இந்த வாரம் தாங்கள் வாசித்தவை, கேட்டவை, கற்றவை என்று பட்டியலிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பும் வழக்கம் நம் சபை வாலிபரிடையே பரவிவருகிறது. குறை சொல்லுமுன் என் பட்டியலையும் வைத்துவிடுகிறேன். பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதை. பழக்கவழக்கங்களைச் சீர்படுத்துவதுபற்றிய 6 ஒலிச் சொற்பொழிவுகள், அனைத்தும் ஒன்றரை மடங்கு வேகத்தில். அவற்றுள் ஒன்று, பிறர் பேசுவதைப் பொறுமையாய்க் கேட்பது எப்படி என்பது.

வியாழன் மாலை, படுக்கையிலிருக்கும் ஒரு மூதாட்டியைக் காணச் சென்றேன். மெல்லப் பேசுகிறவர். தம் மகனைப்பற்றிச் சொல்லத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தி, "ஐயாவுக்கு வேலை இருக்கும்போல, போயிட்டு வாங்க" என்றார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் முகமே போதுமாயிருந்தது.

ஆகையால் இதைக் கோபத்தோடு எழுதுகிறேன்; கோபத்தில் பாதி என்மேல்.

இக்கலையின் முன்னோடிகளுள் பிராங்கிளின் ஒருவர். 13 நற்குணங்களைத் தெரிந்துகொண்டு, குணத்திற்கு ஒரு பக்கமாகச் சிறு ஏடு ஒன்று வைத்திருந்தார். வாரத்தின் 7 நாளுக்கும் கட்டங்கள். தவறினால் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின்மேல் விசேஷ கவனம். மிதம், ஒழுங்கு, சிக்கனம், சுத்தம் எல்லாம் அதில் உண்டு. அன்பு இல்லை. தாழ்மைகூட முதலில் இல்லை. அவரைப் பெருமைக்காரராகவே பலர் எண்ணுகிறார்கள் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் தயவாய்ச் சொன்னபிறகே அது சேர்ந்தது.

நீதி அவர் பட்டியலில் 8-ஆவது. ஆனாலும் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அதற்கென்று ஒரு கட்டம் அந்த ஏட்டில் இல்லை. 1763-இல் பிலதெல்பியாவில் (சகோதர சிநேகம் என்று பொருள்படும் ஊர்!) கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவர் சென்றார். அப்பிள்ளைகளை நேரில் கண்டபின் அவர்களுடைய இயல்பான திறமையைக் குறித்துத் தம் எண்ணம் உயர்ந்ததென்று அவரே எழுதினார். அதன்பின்னும் பல ஆண்டுகள் கழிந்து, 1787-இல்தான் அடிமை ஒழிப்புச் சங்கமொன்றின் தலைவரானார்.

நாமே கட்டம் கீறி நாமே புள்ளி வைக்கும் ஏட்டில், நாம் காணாத குற்றம் ஏறாது. அதற்கு ஒரு நண்பரின் வாய் வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தின் வாசற்படி மிதிக்க வேண்டும். லூக்கா 18-இல் ஆலயத்துக்கு வந்த பரிசேயன் சொன்னது என்ன? வாரத்துக்கு இத்தனை உபவாசம், இவ்வளவு தசமபாகம். அதுவும் ஒரு வாரப் பட்டியலே. கணக்கில் பிழையில்லை. தூரத்தில் நின்ற ஆயக்காரன் மட்டும், அவனுக்குத் தன்னை அளந்துபார்க்கும் கோலாகிவிட்டான்.

"போதகர் புத்தகங்களைப் பகைக்கிறாரோ?" என்பீர்கள். இல்லை. சிறையிலிருந்த பவுலே புஸ்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி தீமோத்தேயுவுக்கு எழுதினார். வாசியுங்கள். ஆனால் வாசித்ததை எண்ணிக்கையாக்கி, எண்ணிக்கையை வளர்ச்சியென்று பெயரிட்டு, அந்த வளர்ச்சிக்கு இடைஞ்சலென்று வீட்டாரையும் வியாதிக்காரரையும் கருதுகிற இந்த மார்க்கத்தை நான் எதிர்க்கிறேன். அதற்கு ஆசீர்வாதம் கூறும் பிரசங்கங்களையும் எதிர்க்கிறேன். என்னுடையவையும் சில உண்டு.

சனிக்கிழமை, கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு மறுபடியும் சென்றேன். மூதாட்டி மகனின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பலமுறை கேட்ட கதை என்று நினைத்திருந்தேன். அதன் முடிவை நான் அதுவரை கேட்டதேயில்லை.