யார் வாய்ச்சொல்?

முட்டுக்காட்டுக் கழியைப் பற்றி இந்த இதழுக்கு வந்த ஒரு கட்டுரையில் பறி, பாடு, மடவை, முகத்துவாரம் என்று அங்கே புழங்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை மேற்கோள்குறி. கழியில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிற இருளர்களுக்குப் பறி வெறும் பறிதான். யாரிடமிருந்து விலகி நிற்க அந்தக் குறி? அதே கட்டுரையில், கழிக்கு எந்தப் பாதிப்பும் வராது என்ற ஓர் அதிகாரியின் பேச்சு குறியில்லாமல், கட்டுரையாளரே கண்டறிந்த உண்மைபோல உட்கார்ந்திருந்தது. அங்கே குறி சேர்த்தோம், மற்றவற்றை எடுத்துவிட்டோம்.

மேற்கோள்குறி தமிழுக்குப் பழசில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே புள்ளி இருக்காது. என, என்று, என்ப போன்றவை பிறர் பேச்சு முடியும் இடத்தைச் சொல்லிவிடும். தொடங்கும் இடத்தைப் படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். அச்சு வந்து, ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரவலாக்கிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. லாபம் சின்னதில்லை. நான் ஏமாந்துவிட்டேன் என்று முருகன் சொன்னான். ஏமாந்தது முருகனா, இதை எழுதுகிறவரா? பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் குறிதான் துணை.

ஆனால் அதே குறி வேலியும் ஆனது. புதுமைப்பித்தன் கதைகளில் நெல்லைத் தமிழ் பெரும்பாலும் பாத்திரங்களின் வாயில் இருக்கும். கதைசொல்லி பொதுத்தமிழில் பேசுவார். கி. ராஜநாராயணன் அந்த வேலியைப் பிடுங்கிப்போட்டு, கதைசொல்லியின் வாயிலேயே கரிசல் பேச்சை வைத்தார். அதற்குப் பிறகும் கடற்கரைச் சொல்லுக்குக் குறி போட்டு எழுதுவதை எங்களால் ஏற்க முடியவில்லை. பஸ், பைக், மொபைல் என்று ஊரே பேசும் சொற்களுக்குச் சில நாளிதழ்கள் போடும் குறியும் இதே ரகம். (சுவரொட்டிக்காரர்களை விட்டுவிடலாம். “அன்புடன்” அழைப்பவர்களின் அன்பைச் சந்தேகிப்பது நம் வேலையில்லை.)

கிண்டலுக்குப் போடும் குறி வேறு. “வளர்ச்சி” என்று இரண்டு பக்கமும் குறி வைத்துவிட்டால் வாதம் முடிந்தது என்று நினைக்கிறோம். எவன் நிலம் போனது, எந்த வாய்க்கால் தூர்ந்தது என்று எழுத வேண்டிய இரண்டு பத்தி அதில் மிச்சமாகிறது. அந்த இரண்டு பத்தியைத்தான் இதழ் கேட்கிறது.

நேர்காணல் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. ஒலிப்பதிவோடு ஒத்துப்பார்த்த சொற்களுக்கு மட்டும் இரட்டைக்குறி போடுங்கள். நினைவிலிருந்து எழுதுவதை உங்கள் நடையிலேயே, இன்னார் இந்தக் கருத்துப்படச் சொன்னார் என்று எழுதினால் போதும். பேசியவர் கொச்சையாகப் பேசியிருந்தால், குறிக்குள் திருத்தாதீர்கள்.