'இன்னும் கொஞ்சம் வேகட்டும்' என்று சொல்லுங்கள்



நம் கரிசல் பக்கத்து வீடுகளில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், அவள் வாய்க்குள் என்ன போகிறது என்பதை வீடே கவனிக்க ஆரம்பித்துவிடும். பப்பாளி கூடாது. அன்னாசி கூடாது. எள்ளு கூடாது. பக்கத்து வீட்டுக்காரம்மா பிரியமாகக் கொடுத்துவிட்ட பண்டத்தைக்கூட மாமியார் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

அதே வீடு, ஸ்கேன் எடுக்கப் போன நாளில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அவள் இலையில் ஒரு ஆஃப் பாயிலோ கலக்கியோ வந்து விழுந்தால் என்ன செய்கிறது? "சாப்பிடும்மா, முட்டை உடம்புக்கு நல்லது" என்று சொல்கிறது. பாதி வெந்த மஞ்சள் கரு மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நன்றாகப் பழுத்த பப்பாளியைக் கண்டு பயப்படும் நாம், வேகாத முட்டையையும் வேகாத கறியையும் கண்டு பயப்படுவதில்லை. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன்.

குமாரலிங்கபுரம் மாதிரி ஒரு ஊரில் இருந்து செக்கப்புக்குக் கிளம்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் பஸ் பிடித்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகிறாள். ரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். அப்புறம் ஸ்கேன் வரிசை. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மதியம் தாண்டிவிடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பசி கண்ணை இருட்டுகிறது. எதிரே எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கேதான் சாப்பாடு. வெளிச் சாப்பாடு ஆகாது என்று அவளிடம் சொல்வது சுலபம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு என்ன வழி?

விருதுநகர் மாவட்டத்துக்கான பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவும் குமாரலிங்கபுரம் பக்கம்தான், 1,052 ஏக்கரில் அமைகிறது. அது முழுதாக இயங்கும் காலத்தில் நம் பெண்கள் இன்னும் அதிகமாக வேலைக்குப் போவார்கள், இன்னும் அதிகமாக வெளியே சாப்பிடுவார்கள். அதனால் 'வெளியே சாப்பிடாதே' என்ற புத்திமதியை விட்டுவிட்டு, வெளியே எப்படிச் சாப்பிடுவது என்று பேசுவோம்.

முதலில் முட்டை. பச்சை முட்டையிலும் பாதி வெந்த முட்டையிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். மஞ்சள் கரு ஓடுகிற பதத்தில் அது சாவதில்லை. இங்கிலாந்தில் 2017-ல் ஒரு அறிவிப்பு வந்தது: சிங்க முத்திரை குத்திய முட்டையாக இருந்தால் கர்ப்பிணிகள் பாதி வேகவைத்தும் சாப்பிடலாம் என்று அங்குள்ள உணவுத் தர அமைப்பு சொன்னது. காரணம், அந்த முத்திரை உள்ள பண்ணைகளில் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போடுகிறார்கள், முட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நம் கடைத் தோசைக்கல்லில் உடைபடும் முட்டைக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. ஆகவே மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஆம்லெட்டை இரண்டு பக்கமும் நன்றாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவித்த முட்டை என்றால் மஞ்சள் கரு கெட்டியாக இருக்க வேண்டும். கலக்கியைப் பிள்ளை பிறந்த பிறகு ஆசை தீரச் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

மயோனைஸும் இந்தக் கணக்கில்தான் சேரும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பே கேரளமும் தெலங்கானாவும் தடை விதித்திருந்தன. சிக்கனுக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளையாக ஒன்று கிண்ணத்தில் வந்தால், அதைக் கர்ப்பிணி தொடவே வேண்டாம்.

அடுத்தது கோழி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஓட்டலில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது. அதே கடையில் சாப்பிட்ட 43 பேர் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் இருந்ததாக அப்போது செய்தி வந்தது. ஊரே இறந்த குழந்தைக்காக அழுதது. நானும்தான். ஆனால் அந்தக் கர்ப்பிணியைப் பற்றி வந்த அந்த ஒரு வரி என் மனதை விட்டுப் போகவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவள் தன் வாந்தியையும் காய்ச்சலையும் நினைத்திருப்பாளா, வயிற்றில் இருக்கும் பிள்ளையை நினைத்திருப்பாளா?

ஷவர்மாவில் கோளாறு எங்கே வருகிறது? கம்பியில் குத்தி அடுக்கிய கறி, வெளிப்பக்கம் இருந்துதான் வேகும். வெந்த மேல் அடுக்கைச் சீவி எடுத்த பிறகு அடுத்த அடுக்கு வேக நேரம் கொடுக்க வேண்டும். கூட்டம் முண்டும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை, கத்தி பச்சைக் கறி வரை போய்விடுகிறது. மீந்ததை மறுநாள் திரும்பச் சூடு பண்ணினால் ஆபத்து இன்னும் கூடுகிறது. சிக்கன் 65, லெக் பீஸ் கதை வேறு. ஃப்ரீசரில் இருந்து எடுத்து, உள்ளே ஐஸ் விடுவதற்குள் கொதிக்கிற எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே நிற்கும். மேலே பூசிய சிவப்புக் கலர் பொடி இதை அப்படியே மறைத்துவிடுகிறது. அதனால் பெரிய துண்டை வாயில் வைப்பதற்கு முன், எலும்பு வரை பிய்த்துப் பாருங்கள். சதை நார் நாராகப் பிரிய வேண்டும், வழுவழுவென்று இருக்கக் கூடாது. வரும் சாறு ரத்த நிறமாக இருக்கக் கூடாது. உள்ளேயும் ஆவி பறக்க வேண்டும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் வெந்ததாகக் கணக்கு. நம்மிடம் தெர்மாமீட்டர் இருக்காது, கையும் கண்ணும் இருக்கின்றன.

மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது கர்ப்பிணிக்கு ஏன் பெரிதாகிறது? குழந்தையை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் உடம்பு, தன் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. லிஸ்டீரியா என்று ஒரு கிருமி இருக்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளை அது தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும்தான் தெரியும், குழந்தைக்கோ உயிரே போகலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1985-ல் ஒரு பாலாடைக்கட்டி வழியாக இந்தக் கிருமி பரவியபோது பாதிக்கப்பட்ட 142 பேரில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்கள் குழந்தைகளும்தான். மொத்தம் 48 உயிர்கள் போயின. அதில் பெரும்பகுதி, பிறக்காத சிசுக்களும் பிறந்த சிசுக்களும்.

நம்மூரில் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா சொன்னதும், ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்து நெருப்பில் வாட்டிக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். இரும்புச் சத்து இருப்பதும் உண்மை. ஆனால் வாட்டும்போது மேல் தோல் கருகுமே தவிர நடுவில் பச்சையாகத்தான் இருக்கும். வேகாத ஆட்டுக்கறி வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உடம்புக்குள் வரலாம். கர்ப்ப காலத்தில் அது முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். சுவரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நன்றாக வேகவைத்து, மிளகு போட்டு வதக்கிக் கொடுங்கள். வேகவைப்பதால் இரும்புச் சத்து எங்கும் ஓடிவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் கூடவே விடாமல் போட வேண்டும்.

சைவ ஓட்டல்தானே என்று நிம்மதியாக இருக்கலாமா? இட்லி, பொங்கல், சூடாக எடுத்த தோசை எல்லாம் நல்ல தேர்வுதான். நான் பயப்படுவது சட்னிக்கு ஊற்றும் தண்ணீரையும், மேஜையில் வைக்கும் டம்ளர் தண்ணீரையும். கோடையில் தண்ணீர் லாரியை நம்பி நடக்கும் கடைகள் நம் பகுதியில் எத்தனை? அசுத்தத் தண்ணீரில் வருவது ஹெபடைடிஸ்-இ என்ற மஞ்சள் காமாலை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கிற நேரம் இல்லை அது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இருந்து ஒரு பாட்டில் காய்ச்சி ஆற்றிய தண்ணீர் எடுத்துப் போகும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வளைகாப்புக்கும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் கிளறி, மூடிய அண்டாவில் மதியம் வரை வெதுவெதுப்பாகக் கிடக்கும் கலவை சாதத்தில் கிருமி நன்றாக வளரும். அன்றைய நாயகிக்கு முதல் பந்தியிலேயே பரிமாறிவிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்தாலும் கடையில் போய் உட்கார்ந்ததும் நமக்கு வாய் வராது. என் கவலையே அதுதான். வந்த கறி வேகவில்லை என்று அவளுக்கே நாக்கில் தெரிகிறது. ஆனால் எதிரே மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேஜையில் ஆட்கள். சப்ளையர் ஓடிக்கொண்டிருக்கிறார். திருப்பி அனுப்பினால் 'ரொம்பத்தான் பண்ணுகிறாள்' என்ற பேச்சு வரும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா என்ற எண்ணமும் வரும். பேசாமல் விழுங்கிவிடுகிறாள். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

பேச வேண்டியது அவள் மட்டும் இல்லை. கூட உட்கார்ந்திருக்கும் கணவன் பேச வேண்டும், அத்தை பேச வேண்டும், அண்ணன் பேச வேண்டும். சண்டை எதுவும் தேவையில்லை. ஆர்டர் சொல்லும்போதே, "அண்ணே, பிள்ளை மாசமா இருக்கு, நல்லா வேகவச்சுக் குடுங்க" என்று சொன்னால் போதும். நம் ஊர் மாஸ்டர்களில் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் மிகக் குறைவு. தனியாகக் கூடுதல் நேரம் போட்டு எடுத்துத் தருவார்கள். அப்படியும் வேகாமல் வந்தால், "இது உள்ள வேகலண்ணே, மாத்திக் குடுங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுங்கள். மேலாக மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்த அதே துண்டு வேண்டாம், புதிதாகக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒரு பிளேட் சிக்கனின் விலை எவ்வளவு? ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு?

சரி, தெரியாமல் இரண்டு வாய் சாப்பிட்டாகிவிட்டது. இனி என்ன? பதற வேண்டாம். இப்படிச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் மருந்தும் தேவையில்லை, உடம்பைக் கவனித்தால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், வயிற்றை இழுத்துப் பிடித்தாலும், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் அன்றைக்கே போக வேண்டும், இரவாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வயிற்றுப்போக்கு மாத்திரை இந்தச் சமயத்தில் கூடவே கூடாது.

டாக்டரிடம் என்ன சாப்பிட்டீர்கள், என்றைக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். லிஸ்டீரியா சில நேரம் வாரங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால் ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அந்தச் சாப்பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடிய ஆம்பிசிலின் என்ற பழைய மருந்தே அதற்குக் கேட்கும். "அந்தக் கண்டதையும் எதுக்குத் தின்ன?" என்று வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில் பெண்கள் வாயை மூடிக்கொள்வதுதான் வைத்தியத்தைத் தாமதமாக்குகிறது. மாமியார்களே, அம்மாக்களே, தயவுசெய்து அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

ஓட்டல் நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடைகள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரும் கிராமத்துப் பெண்கள் பட்டினியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும். காய்ச்சிய தண்ணீர் ஒரு குடம் தனியாக வையுங்கள். கர்ப்பிணி வந்து உட்கார்ந்தால் ஆஃப் பாயிலைக் கேட்டாலும், "வேண்டாம்மா, ஃபுல்லா போட்டுத் தர்றேன்" என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் கடை மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

அப்படியும் அலட்சியம் காட்டுகிற கடை என்றால், பில்லையும் தட்டில் இருந்ததன் போட்டோவையும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் லைசென்ஸின் 14 இலக்க எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அந்த எண்ணை உங்கள் போனில் பதிந்துவையுங்கள், வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் அவர் போனிலும்.

அன்புடன்,
ஆசிரியர்