நுனி வீட்டுக்குப் போச்சு, திரும்பி வந்துச்சா?

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரவு செலவு பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கத்தரி, வெண்டை, கீரையோடு எங்கள் வண்டி மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு வரும். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவோம். அந்த வெறும் வண்டிதான் என்னை யோசிக்க வைத்தது.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். அன்று வீடு வயலுக்குப் பக்கத்தில் இருந்தது. நுனியும் சாம்பலாகவும் குப்பையாகவும் எருக்குழி வழியாக நிலத்துக்கே திரும்பியது. இன்று வீடு தி.நகரிலும் அடையாறிலும் இருக்கிறது. நுனி போகிறது, வருவதில்லை.

சூரிய ஆற்றல் ஒருவழிப் பாதை. ஓர் உயிரிடமிருந்து அதைத் தின்னும் அடுத்த உயிருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். போகட்டும், நாளைக்கும் சூரியன் உதிக்கும். சத்துக்கள் அப்படியில்லை, அவை சுற்றி வந்தாக வேண்டும். ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து தேவை. அதையாவது தக்கைப்பூண்டும் பயறும் காற்றிலிருந்து பிடித்துத் தரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காற்றில் கிடையாது. நண்பர்கள் கோபிக்க வேண்டாம்: ஜீவாமிர்தத்தின் நுண்ணுயிர்கள் மண்ணில் கட்டுண்டு கிடப்பதைக் கரைத்துத் தரும், இல்லாததை உண்டாக்காது. போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் ஒருநாள் காலியாகும்.

போன சத்து எங்கே? சாக்கடை வழியாக அடையாற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. அது அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் சாகிறது. திடக்கழிவு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி கிடங்குக்குப் போனது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. வயலுக்கு உணவு, ஆற்றுக்கு நஞ்சாகிவிட்டது.

நானும் ஒரு தப்பு செய்தேன். சும்மா கிடைக்குதேன்னு தரம் பிரிக்காத குப்பை ஒரு லோடு ஏற்றிப்போய் மக்க வைத்துப் போட்டேன். இன்றும் களையெடுக்கும் பெண்கள் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறார்கள். "என்னய்யா, ஊருக் குப்பையெல்லாம் நம்ம காட்டுலயா?" என்று ஓர் அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கலந்த குப்பை வேண்டாம்.

இப்போது இரண்டு காய்கறிக் கடைகளில் சாக்கு கொடுத்து வைத்திருக்கிறேன். கீரைத்தண்டு, காலிஃபிளவர் இலை, வாழைத்தண்டு மட்டும் அதில் சேரும். திரும்பும் வண்டியில் அதுதான் பாரம். சாணத்தோடு அடுக்கி மக்க வைக்கிறோம்.

சத்தில் பெரும்பங்கு கழிவறை வழியாகத்தான் போகிறது. அதற்கு ஆலைக்கழிவு கலக்காமல் பாதுகாப்பான வழி காண வேண்டியது அரசு. ஆனால் கழிவைத் தரம் பிரிக்கச் சொல்லி 2016 முதல் விதி இருக்கிறது. சந்தைக் கழிவைத் தனியே சேர்த்து, காய் கொண்டுவரும் உழவருக்கே தருவதை மாநகராட்சி நாளைக்கே தொடங்கலாம். நாம் கேட்க வேண்டும். அதுவரை, நகரத்துக்குக் காய் கொண்டுபோகும் நம் ஆட்கள் யாரும் வெறும் வண்டியோடு திரும்பாதீர்கள்.